பந்துக்கு முந்திய படக்காரி

விளையாட்டைப் படம் எடுக்கிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கண் பார்த்துவிட்ட கணம் படத்தில் விழாது. பந்து வலைக்குள் போவதைக் கண் பார்த்து, மனம் ஆகா என்று சொல்லி, அதை விரல் கேட்டு, பொத்தானை அமுக்குவதற்குள் கோல் அடித்தவன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருப்பான். ஆகவே நடப்பதற்கு முன்பே அமுக்க வேண்டும். எங்கே நடக்கும் என்று கணித்து முன்பே அங்கே போய் நிற்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் மிக நன்றாகக் கற்றேன். அதனால்தான் எங்கள் ஊர்க் கால்பந்துக் குழு ஒரு கோப்பையை இழந்தது.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் நாள், கிழமை, மணியோடு குறித்துவைப்பது என் சுபாவம். வீட்டு மிக்சி புகைந்த நாள், கடல் எங்கள் தெரு முனைவரை ஏறி வந்த நாள், அப்பா பீடியை விட்ட நாள், மறுபடி பிடித்த நாள் (இரண்டுக்கும் இடையே பதினேழு மணி நேரம்) எல்லாம் என் நோட்டுகளில் இருக்கின்றன. அம்மாவும் அப்பாவும் தங்கள் கல்யாணத் தேதியைப் பற்றிச் சண்டை போட்டால் தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள். அவர்கள் கல்யாணத்தின்போது நான் பிறக்கவில்லை என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கோயில் பதிவேட்டை நான் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் கதை என் அண்ணன் ஜெரோமைப் பற்றியது. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். எங்கள் ஊர்க் குழுவின் கேப்டன். பள்ளிக்கூட நாள் முதல் திருவிழாக் கால்பந்துப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தவன், இரண்டு முறை இறுதியாட்டம் வரை போய் இரண்டு முறையும் தோற்றிருந்தான். கோப்பையைக் கையில் வாங்கியதே இல்லை. அந்த வருடம் அவனுக்கு ஓமனில் ஒரு மீன் பதப்படுத்தும் கம்பெனிக்கு விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம், வியாழக்கிழமை விமானம். இரண்டு வருட ஒப்பந்தம். அதற்குள் முப்பத்து மூன்று ஆகிவிடும். இடது முழங்கால் ஏற்கனவே குளிர்காலத்தில் முறுமுறுத்துக்கொண்டிருந்தது.

"ஒருக்கா அந்தக் கப்பத் தூக்கிட்டேன்னா போதும் மக்கா. பொறவு எங்க வேணும்னாலும் போய்க் கெடப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவன் கோப்பையைத் தூக்கும் ஆட்டத்தைப் படம் எடுப்பது என் பொறுப்பு என்று நானாக முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. சித்தப்பா மகன் குவைத்திலிருந்து கொண்டுவந்து, ஒரே ஒரு கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்டு, சலித்துப்போய் அலமாரியில் வைத்திருந்த கேமராவைக் கடன் வாங்கினேன். நீளமான லென்சும் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது.

முதல் நாள் பயிற்சியில் எடுத்த படங்களை அண்ணனிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"இதுல பந்து எங்கட்டி?"

"போயிட்டு."

"இதுல?"

"அதுலயும் போயிட்டு."

"இதுல எனக்க காலு மட்டும் இருக்கே?"

"நீ வேகமா ஓடினா நான் என்ன செய்ய?"

"பந்து போன பொறவு நிக்குத மனுசனப் படம் எடுக்கதுக்கு நாகர்கோவில்ல பாஸ்போர்ட் ஸ்டுடியோ இருக்கே. அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கொழல்?"

எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் மற்றவர்கள் சாப்பிடாமல் இருப்பார்கள். நான் நோட்டுப் போடுவேன்.

அன்று முதல் ஆறு வாரம், படகுகள் கரையேறிய பிறகு நடக்கும் சாயங்காலப் பயிற்சிக்குத் தவறாமல் போனேன். மணலில் கவிழ்த்திப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, பெனால்டி அடிக்கும் ஒவ்வொருவரையும் குறித்தேன். எந்தக் கால், எத்தனை எட்டு பின்னால் போகிறான், எந்தத் தோள் இறங்குகிறது, பந்து எந்தப் பக்கம் போகிறது. எங்கள் மைதானத்தில் இடம் வலம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கோயில். அதனால் கோலின் ஒரு மூலை கடல் பக்கம், மற்றது கோயில் பக்கம்.

ஆறு வாரத்தில் ஓர் உண்மை தெளிவாகிவிட்டது. மனிதர்கள் தங்களைப் பெரிய தந்திரசாலிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் பெனால்டி அடிக்கும்போது எப்போதும் அடித்த பக்கமே அடிக்கிறார்கள். ரீகன் சட்டையின் கீழ்நுனியை இழுத்துவிட்டால் கடல் பக்கம். (அவன் எப்போதும் இழுத்துவிடுவான்.) ஷாஜி கழுத்துக் கயிற்றில் கிடக்கும் மாதா படத் துண்டை, அதாவது உத்தரியத்தை, எடுத்து முத்தமிட்டால் கோயில் பக்கம். என் அண்ணன் எதையும் இழுப்பதில்லை, முத்தமிடுவதில்லை. நேராக ஓடிவந்து கோயில் பக்கம் அடிப்பான். மழை பெய்தாலும், காற்று எதிர்த்தாலும், கீப்பரே கோயில் பக்கம் போய் நின்றுகொண்டாலும் கோயில் பக்கம்தான்.

நோட்டை அவனிடம் காட்டினேன். பக்கங்களைப் புரட்டியவன் முகம் வெளிறியது.

"இத எவனுக்காவது காட்டினியா?"

"இல்ல."

"காட்டிராத, கேட்டியா. எதிராளி கையில இது கெடச்சா நம்ம சோலி முடிஞ்சு."

"உயிரு போனாலும் காட்ட மாட்டேன் அண்ணே" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நோட்டை ஒருவரிடமும் காட்டவில்லை.

ஆனால் நோட்டினால் என் படங்கள் மாறிவிட்டன. ரீகன் சட்டையை இழுத்ததும் நான் வலைக்குப் பின்னால் கடல் பக்கம் ஓடிவிடுவேன். லென்சை மூலையில் நிறுத்தி, கால் பந்தைத் தொடும் முன் அமுக்குவேன். பந்து தானாக வந்து படத்துக்குள் உட்காரும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அண்ணனே, "கொள்ளாம். இதாக்கும் படம்" என்றான். அவன் வாயிலிருந்து வந்த அந்தப் பாராட்டையும் மணியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

இறுதியாட்டம் பக்கத்து ஊர்க்காரர்களோடு. எங்கள் குழுச் செயலாளர் சூசை மாமா, வெற்றி உறுதி என்று நம்பி, தோவாளைப் பூச்சந்தைக்கு ஆள் அனுப்பி ஆளுயர மாலை ஒன்று வாங்கி வைத்திருந்தார். அது திருவிழாக் கமிட்டி மேடையின் பின்னால், ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது. எனக்கு நெஞ்சில் ஒரு ரிப்பன் குத்தினார்கள். அதில் 'புகைப்படம்' என்று எழுதியிருந்தது. கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தையெல்லாம் கமிட்டிக்காரர்கள் கயிறு கட்டி விரட்டினார்கள். ரிப்பன் இருந்ததால் என்னை மட்டும் விட்டார்கள். எங்கள் கோல் வலை, பழைய மீன்வலையை மடித்துக் கட்டியது. பெரிய பெரிய கண்கள். அதன் வழியாக யாரும் யாரையும் நன்றாகப் பார்க்கலாம். இந்த விவரத்தின் முக்கியத்துவம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்ததால் ஐந்துக்குப் பதில் மூன்று பெனால்டி போதும் என்று கமிட்டி முடிவு செய்தது. இரு அணியும் ஒரே கோலில் மாறி மாறி அடிக்க வேண்டும்.

அவர்களுடைய கீப்பர் பெயர் ஆன்றோ. நெடுநெடுவென்று பாய்மரம் மாதிரி இருப்பான். அவனுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் திரும்பி நின்று இரண்டு கம்பத்தையும் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பிறகுதான் முன்னால் பார்ப்பான். இதையும் அன்று நோட்டில் குறித்தேன். அருமையான விவரம் என்று அடிக்கோடு வேறு போட்டேன்.

முதல் அடி அவர்களுடையது. அவர்களைப் பற்றி என் நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது, அதனால் வலைக்குப் பின்னால் நடுவில் நின்றேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து தென்னைமரத்தில் மோதியது. எங்கள் ஊரே துள்ளியது.

அடுத்து ரீகன். பந்தை வைத்துவிட்டு சட்டையை இழுத்தான். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் ஓடி மண்டியிட்டேன். ஆன்றோ திரும்பிக் கம்பங்களைத் தொட்டான். லென்ஸ் வழியாக என்னை நேராகப் பார்த்தான். படத்துக்குப் போஸ் கொடுக்கிறான் என்று நினைத்தேன். (நெற்றியில் விழுந்த முடியைக்கூட ஒதுக்கிவிட்டான்.) ரீகன் அடித்தான். ஆன்றோ கடல் பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டினான். நான் அமுக்கினேன். விரித்த விரல்கள், நசுங்கிய பந்து, காற்றில் நிற்கும் மணல். அப்படி ஒரு படத்தை அதற்கு முன் நான் எடுத்ததே இல்லை.

எங்கள் ஊர் தலையில் கை வைத்திருந்தது. நான் கேமராத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இரண்டாவது அடியில் கோல் போட்டார்கள். அடுத்து ஷாஜி உத்தரியத்தை முத்தமிட்டான். நான் கோயில் பக்கம் ஓடினேன். ஆன்றோ திரும்பினான், பார்த்தான், தொட்டான், சிலுவை போட்டான். ஷாஜி அடித்தான். ஆன்றோ கோயில் பக்கம் பாய்ந்து பிடித்தான். இரண்டாவது மகத்தான படம். எழுந்து மணலைத் தட்டிய ஆன்றோ என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். படம் எடுத்ததற்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தினேன்.

இதை எங்கள் ஊரில் கிட்டத்தட்ட எல்லாரும் பார்த்தார்கள்.

அவர்களுடைய மூன்றாவது அடியை எங்கள் கீப்பர் எப்படியோ முழங்காலால் தடுத்துவிட்டான். கணக்கு இப்போது தெளிவாக இருந்தது. அவர்களுக்கு ஒன்று, எங்களுக்குப் பூஜ்யம். மிச்சம் என் அண்ணனுடைய ஒரே அடி. போட்டால் தொடரும். போடாவிட்டால் கோப்பை போச்சு. வியாழக்கிழமை விமானம்.

அண்ணன் பந்தைக் கொண்டுவந்து வைத்தான். நான் யோசிக்காமல் கோயில் பக்கம் நகர்ந்தேன். கம்பத்தைத் தொடத் திரும்பியிருந்த ஆன்றோ, வலைக்கண் வழியாக என் கால்களைப் பார்த்தான். லென்சைப் பார்க்கவில்லை. கால்களை. பார்த்துவிட்டு, அவனும் அரை எட்டு கோயில் பக்கம் நகர்ந்தான்.

சோதித்துப் பார்க்க இரண்டு எட்டு கடல் பக்கம் போனேன். அவன் கண் என்னோடு வந்தது. அரை எட்டு கடல் பக்கம் வைத்தான். மறுபடி கோயில் பக்கம் ஓர் எட்டு. அவனும். நான் நூல் பிடித்து ஆட்டுகிற பொம்மை மாதிரி ஆடினான்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நான் நிறைய யுத்த வரலாறுகள் படித்தவள். எத்தனையோ ஒற்றர்களைப் பற்றி வாசித்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது நெஞ்சில் ரிப்பன் குத்திக்கொண்டு, கழுத்தில் ஒரு முழ நீளக் கருவியை மாட்டிக்கொண்டு, தான் ஒற்றர் என்பது தனக்கே தெரியாமல் சொந்த ஊரைக் காட்டிக்கொடுத்ததாக எங்கும் இல்லை.

யோசிக்க எனக்குக் கிடைத்தது ஐந்து விநாடி. கோயில் பக்கம் நின்றால் அண்ணனைக் காட்டிக்கொடுப்பேன். கடல் பக்கம் நின்றால் ஆன்றோவை ஏமாற்றுவேன். ஏமாற்றலாமா? படக்காரி ஆட்டத்துக்குள் கையை விடலாமா? (இந்த நீதி விசாரணையை இரண்டு பெனால்டிக்கு முன்னால் நடத்தியிருக்கலாம்.) கடைசியில், எந்தப் பக்கமும் சேராத நடுவில் நிற்பதுதான் நியாயம் என்று தீர்மானித்தேன். சரியாக நடுவில் போய்க் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன்.

ஆன்றோ என்னைப் பார்த்தான். நான் சொன்ன சேதியைப் புரிந்துகொண்டவன் போலத் தலையசைத்தான். சரியாக நடுவில் போய்க் கொடிக்கம்பம் மாதிரி நின்றான்.

அண்ணன் ஓடி வந்தான். கோயில் பக்கம்தானே அடிப்பான், கீப்பர் நடுவில் நிற்கிறான், கோல்தான் என்று என் மனம் ஒரு கணம் பூத்தது. ஆறு வாரமும் கோயில் பக்கமே அடித்த என் அண்ணன், அன்று முதல் முறையாக நடுவில் அடித்தான்.

பந்து நேராக ஆன்றோவின் வயிற்றில் போய் இறங்கியது. ஆன்றோ 'ஹக்' என்று ஒரு சத்தத்தோடு அதைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் விழுந்து வலையில் சாய்ந்தான். என் விரல் அதன் பாட்டுக்குச் சரியான கணத்தில் அமுக்கியிருந்தது. மூன்றாவது மகத்தான படம்.

தோவாளை மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எதிரணிக்குப் போட சூசை மாமாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில் கோயிலில் நிற்கும் அந்தோனியார் சுரூபத்துக்குப் போட்டார்கள். அவருக்கு அது கணுக்கால் தாண்டிப் படி வரை கிடந்தது.

ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கட்டைவிரலைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா?

"அவளுக்கும் அந்தக் கீப்பருக்கும் என்னமோ இருக்கு. இல்லாம அப்படிச் சிரிப்பாளா?" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். (ஒன்றும் இல்லை. அவனுக்கு அதற்கு முன்பே கல்யாணம் முடிந்து ஒரு குழந்தையும் இருந்தது.)

அண்ணன் மறுநாள் காலை பெட்டியைத் திறந்து வைத்து, அம்மா பொதிந்து தந்த நெத்திலிக் கருவாட்டையும் நேந்திரங்காய் வற்றலையும் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் படங்களையெல்லாம் வரிசையாகத் திரும்பப் பார்த்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் விநாடியைக் குறித்துவைக்கும். என் சுபாவமுள்ள கருவி. ஒவ்வொரு அடிக்கும் சில விநாடி முன்னால் எடுத்த படத்தில் ஆன்றோவின் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. சாட்சி சொல்ல வேறு யாரும் வேண்டாம்.

கேமராவை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன்.

"அண்ணே, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லு."

"நீ எதுக்கு நடுவுல அடிச்ச?"

அவன் வற்றல் பொதியைக் கீழே வைத்தான். "ரீகனையும் பிடிச்சான், ஷாஜியையும் பிடிச்சான். ஒனக்க நோட்டு எப்படியோ அவனுக்க கையில போயிட்டுன்னு நெனச்சேன். அதுல எனக்கு என்ன எழுதி வச்சிருக்க? கோயில் பக்கம். அதான் ஒருநாளும் அடிக்காத எடத்துல அடிச்சேன்."

"நோட்டு போகல்ல அண்ணே. நான்தான் போனேன்."

படங்களைக் காட்டினேன். முதலாவதைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். மூன்றாவதில், நான் கோயில் பக்கமும் கடல் பக்கமுமாக ஆடிய ஆட்டத்தைச் சொன்னேன். நடுவில் நின்றதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அண்ணன் போனை எடுத்து ஆன்றோவின் எண்ணைத் தேடினான். ஸ்பீக்கரில் போட்டான்.

"லே ஆன்றோ, ஜெரோம் பேசுகேன். நெசம் சொல்லணும். எனக்க தங்கச்சிய எதுக்குலே திரும்பித் திரும்பிப் பாத்த?"

மறுமுனையிலிருந்து பயந்த குரல் வந்தது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்த அக்கா வழி காட்டினாங்க. நான் போனேன். அவ்வளவுதான்."

"நடுவுல?"

"நடுவுல நின்னாங்க. நடுவுல நின்னேன். எனக்கும் ஆச்சரியந்தான். இப்பமும் வயிறு வலிக்கு."

அண்ணன் போனை வைத்தான். உதடு துடித்தது. அழப் போகிறான் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் அப்படியே கவிழ்ந்து, கருவாட்டுப் பொதியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அடுக்களையிலிருந்து அம்மா பதறி ஓடி வந்தாள்.

"என்னலே, என்னத்துக்கு இந்தச் சிரிப்பு? வெயிலடிச்சிட்டா?"

"அம்மா, அவன் நல்ல கீப்பரே இல்ல. மூணு பெனால்டியையும் பிடிச்சது இவளாக்கும். ஊர்லயே நல்ல கீப்பரு இந்த வீட்டுலதான் இருந்திருக்கா. நமக்குத் தெரியல்ல பாத்தியா!"

வியாழக்கிழமை திருவனந்தபுரம் விமான நிலையத்தில், உள்ளே போவதற்கு முன் என் தலையில் ஒரு குட்டு வைத்தான். "கப்பு எங்கயும் போகாது. ரெண்டு வருசத்துல வருவேன். அதுவரைக்கும் நீ கோலுப் பக்கமே போகாத" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும், இடது முழங்காலை ஒருமுறை குனிந்து தடவிக்கொண்டதைப் பார்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் என் கண்ணில் நின்றது.

ஊர் அவனைவிடக் கவனமாக இருந்தது. குழுக் கூட்டத்தில் சூசை மாமா தீர்மானம் கொண்டுவந்தார். இனிமேல் எங்கள் ஊர் ஆடும் ஆட்டத்தில் பிலோமினா (அது நான்தான்) மைதானத்தைப் பார்த்து நிற்கக் கூடாது. ஒருமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதியதும் நானே, ஏனென்றால் கையெழுத்து நன்றாக இருப்பது எனக்குத்தான்.

வீட்டில் அது வேறு விதமாக வளர்ந்தது. மழை வருமா என்று அப்பா கேட்டால், "பிலோ எங்க நிக்கா பாரு. கொடியில துணி எடுக்கப் போயிட்டான்னா மழைதான்" என்பாள் அம்மா. தேர்தல் வந்தபோது, நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்று பார்க்க இரண்டு சித்தப்பாக்கள் வந்தார்கள். ஓமனிலிருந்து அண்ணன் போன் செய்தால் முதல் கேள்வி, "இப்பம் எந்தப் பக்கம் நிக்க?"

இரண்டு வருடம் கழித்து, திருவிழாவுக்கு ஏற்றமாதிரி லீவு எழுதி வாங்கி, முழங்காலில் ஒரு உறையை மாட்டிக்கொண்டு அண்ணன் வந்தான். இறுதியாட்டத்தில் அதே பக்கத்து ஊர். அதே ஆன்றோ. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான்.

என்னைச் சூசை மாமா ஒரு மீன்கூடையைக் கவிழ்த்திப் போட்டு, கோட்டுக்கு வெளியே, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தார். என் முன்னால் மொத்தக் கூட்டமும் இருந்தது. பின்னால் ஆட்டம். கழுத்தில் கேமரா.

"திரும்பினா பாத்துக்க" என்றார்.

"திரும்பல்ல மாமா."

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கூட்டம் எழுந்து நின்றதில் தெரிந்துகொண்டேன். ஓசை அடங்கியது. பந்தை யார் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் வரிசையில் நின்ற அம்மாவின் கையில் செபமாலை ஓடாமல் ஒரு மணியில் நின்றுவிட்டது.

முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் படம் எடுக்க முடியாது. ஆனால் என் முன்னால் ஐந்நூறு கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேமராவைத் தூக்கினேன். அந்த முகங்களை இரண்டு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவற்றை எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. அண்ணன் பின்னால் நடக்கும்போது தலைகள் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தன. நின்றபோது நின்றன. பங்குச் சாமியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அம்மாவின் இடது தோள் உயர்ந்தது. அண்ணன் ஓடத் தொடங்கினால் அவளுக்கு அந்தத் தோள் தானாக உயரும், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று எட்டு. அவன் கால் பந்தைத் தொடும் முன் அமுக்கினேன்.

பிறகுதான் சத்தம் வந்தது. மீன்கூடையோடு என்னை யாரோ தூக்கிவிட்டார்கள்.

ஆன்றோ பிற்பாடு என்னிடம் சொன்னான். "பழக்கதோசம் அக்கா. திரும்பிப் பாத்தேன். நீங்க இல்ல. கடல் பக்கம் ஒரு நாய் படுத்துக் கெடந்துச்சு. சரி, அதாவது தெரிஞ்சு படுத்திருக்கும்னு நெனச்சு அந்தப் பக்கம் பாஞ்சேன்."

அண்ணன் கோயில் பக்கம் அடித்திருந்தான்.

அவன் கோப்பையைத் தூக்கி நிற்கும் படங்கள் ஊரில் எல்லார் போனிலும் உண்டு. கோல் போகும் கணம் மட்டும் யாரிடமும் இல்லை. போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும், நான் முன்பு செய்தமாதிரி, பார்த்த பிறகு அமுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருப்பது நான் எடுத்த படம். பந்து இல்லை, கோல் இல்லை, ஆட்டக்காரர்கள் இல்லை. திறக்கத் தொடங்கிய வாய்கள், பாதி எழுந்த சாமியார், ஒருவர் கையிலிருந்து நழுவிக் காற்றில் நிற்கும் குச்சி ஐஸ், உயர்ந்த தோளோடு அம்மா. எல்லாருடைய கண்களும் ஒரே இடத்தில்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, "இதுல ஜெரோம் எங்க?" என்று கேட்பார்கள். அண்ணன் லீவில் இருந்தால் பதில் சொல்ல யாரையும் விடமாட்டான். கையிலிருக்கும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, படத்துக்கு எதிரே நடு அறையில் நின்றுகொள்வான்.

"அந்தா, அவங்க எல்லாரும் பாக்காங்கல்லா? அங்கதான் நிக்கேன்."